நோயை எதிர்த்து நின்ற எல்ம் மரம்

ஒரு நோய்க்கு ஒரு நாட்டின் பெயரைச் சூட்டியிருந்தால், அது அந்த நாட்டிலே பிறந்த நோய் என்றுதானே நாம் எண்ணுவோம்? 'டச்சு எல்ம் நோய்' என்ற பெயரைக் கேட்பவர்கள் பலரும் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை வேறு. நோய் இன்னது, அதற்குக் காரணம் இன்னது என்று முதலில் கண்டு சொன்னவர்கள் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள். அதனால் அவர்களுடைய நாட்டின் பெயரே நோயோடு ஒட்டிக்கொண்டது. உழைப்புக்குக் கிடைத்த விந்தையான பரிசு இது!

எல்ம் மரத்தை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டோம். அது குளிர் நாடுகளின் மரம். ஆனால் அதன் உறவினர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். ஆயா மரம் என்று நம் ஊர்களில் சொல்கிறோமே, அது எல்ம் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நடுவில் விதையும் சுற்றிலும் தாள் போன்ற வட்டச் சிறகும் கொண்ட ஆயா மரத்துக் காய்கள் காற்றில் பறப்பதைக் கண்டிருப்பீர்கள். எல்ம் மரத்தின் காய்களும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

ஐரோப்பியர்களுக்கு எல்ம் மரம் மிகவும் வேண்டிய மரம். அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கட்டை எளிதில் பிளக்காது. ஆகவே வண்டிச் சக்கரத்தின் குடம் செய்ய அதையே தேடுவார்கள். நீருக்குள் அமிழ்ந்தே இருந்தால் நெடுங்காலம் மக்காது. எனவே கட்டையின் நடுவைக் குடைந்து, லண்டன் நகரில் குடிநீர்க் குழாயாகப் புதைத்தார்கள். ஹாலந்தில் அதன் பயன் வேறு. கடற்காற்று, உப்பு, ஈரமண், கல் பாவிய தெரு ஆகிய எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வளரும் மரம் என்பதால், ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கால்வாய்களின் இரு கரைகளிலும் எல்ம் மரங்களையே வரிசையாக நட்டார்கள்.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், இந்த மரங்கள் காரணம் தெரியாமல் சாகத் தொடங்கின. கோடையின் நடுவில், பசுமையாய் இருந்த ஒரு கிளையின் இலைகள் மஞ்சளாகிச் சுருண்டு தொங்கும். பிறகு அடுத்த கிளை, பிறகு மரம் முழுவதும். போரில் பயன்பட்ட நச்சுவாயுதான் காரணம் என்றார்கள் சிலர். மழை பொய்த்ததால் வந்த வறட்சி என்றார்கள் வேறு சிலர். பாக்டீரியா என்று வாதிட்டவர்களும் உண்டு. டினா ஸ்பீரன்பர்க் என்ற டச்சுப் பெண்மணி நோய்கண்ட மரங்களின் கிளைகளைச் சேகரித்து, அறிகுறிகளை ஒழுங்காகப் பதிவு செய்து 1921-ஆம் ஆண்டு வெளியிட்டார். ஆனால் குற்றவாளி யார் என்பது தெரியவில்லை.

அப்போது ஹாலந்தில் பார்ன் என்ற ஊரில் ஒரு தாவரநோய் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அதன் தலைவர் யொஹானா வெஸ்டர்டைக். ஹாலந்து நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண்மணி அவர். 1917-இல் அப்பதவியை ஏற்றார். அவரிடம் ஆராய்ச்சி செய்யப் பல பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான பேயா ஷ்வார்ட்ஸ், நோயுற்ற கிளைகளிலிருந்து ஒரு பூசணத்தைப் பிரித்தெடுத்து, இதுவே நோய்க்குக் காரணம் என்று 1922-ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் எழுதினார்.

பலர் நம்ப மறுத்தார்கள். பூசணத்தைச் செலுத்திய மரங்கள் ஒவ்வொரு முறையும் தெளிவாக வாடிக் காட்டவில்லை என்பது அவர்களுடைய தடை. இந்தத் தடையை நீக்கியவர்களில் முதன்மையானவர் அதே கூடத்தில் பயின்ற கிறிஸ்டீன் பாய்ஸ்மன். மரம் வேகமாக வளரும் பருவத்தில் பூசணத்தைச் செலுத்திப் பார்த்தார். மரங்கள், தெருவோர மரங்கள் வாடுவது போலவே வாடின. பருவம் தவறினால் பயிர் விளையாது என்பது உழவர்களுக்குத் தெரியும். சோதனையும் அப்படித்தான் போலும்.

இந்தப் பூசணம் மரத்தை எப்படிக் கொல்கிறது? வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் மரத்தினுள் இருக்கின்றன அல்லவா? எல்ம் மரத்தில், வசந்த காலத்தில் உண்டாகும் குழாய்கள் அகலமானவை. பூசணத்தின் விதைத்துகள்கள் நீரோட்டத்தோடு அவற்றில் எளிதாக ஏறிச் செல்கின்றன. பகைவன் புகுந்துவிட்டான் என்று அறிந்த மரம், பிசினாலும் பலூன் போன்ற அடைப்புகளாலும் தன் குழாய்களைத் தானே அடைக்கிறது. பகைவனுக்கு வழியில்லாமல் போகிறது. நீருக்கும் வழியில்லாமல் போகிறது. மரம் தாகத்தால் சாகிறது. நோயுற்ற சிறுகிளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், பட்டைக்கு உட்புறம் பழுப்புப் புள்ளிகள் வளையமாகத் தெரியும்.

இதற்குத் துணைபோவது ஒரு சிறு வண்டு. சாகும் எல்ம் மரத்துப் பட்டைக்குள் இந்த வண்டு முட்டையிடுகிறது. அங்கே பூசணமும் வளர்கிறது. வெளிவரும் இளவண்டு உடலெல்லாம் விதைத்துகள்களைப் பூசிக்கொண்டு, நலமான மரத்துக்குப் பறந்து, சிறுகிளைகளின் கவட்டைக் கடித்துத் தின்கிறது. அந்தக் காயமே பூசணத்துக்கு வாசல். அடுத்தடுத்து நிற்கும் மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால் வண்டுகூடத் தேவையில்லை. வேர்வழியே நோய் போய்விடும்.

வண்டைத் தடுப்பது கடினம். பூசணத்தைத் தடுப்பது அதைவிடக் கடினம். நோயைத் தாங்கும் மரத்தைத் தேடுவதுதான் வழி என்று டச்சு ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்தார்கள். இங்கேதான் நம் கதையின் முக்கிய பகுதி தொடங்குகிறது. பாய்ஸ்மன் பல நாடுகளிலிருந்து எல்ம் விதைகளை வரவழைத்து நாற்றங்காலில் வளர்த்தார். கன்றுகளைக் கத்தியால் கீறி, விதைத்துகள்கள் கலந்த நீரைக் காயத்தில் விட்டுக் காத்திருந்தார். வாடியவை போக, எஞ்சியவற்றுக்கு மறு ஆண்டும் அதே சோதனை. பயிரைக் காக்க விரும்பும் ஒருவர், தம் கையாலேயே ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது! இந்தக் காலத்தில் அவர் அமெரிக்காவுக்கும் சென்றிருந்தார். ஐரோப்பாவிலிருந்து மரச்சாமான் செய்வதற்காகச் சென்ற எல்ம் கட்டைகளோடு நோயும் கடல் கடந்து, 1930-இல் ஒஹையோ மாநிலத்தில் தலைகாட்டியது.

ஸ்பெயின் நாட்டு விதையிலிருந்து முளைத்த ஒரு கன்று, சோதனைக்குச் சோதனை வாடாமல் நின்றது. பதிவேட்டில் அதன் எண் 24. அதைப் பெருக்கி மக்களுக்கு வழங்கலாம் என்ற நிலை வந்தபோது பாய்ஸ்மன் இல்லை. 1936 மார்ச்சில் அவர் காலமானார். நாற்பதைக்கூடத் தொடாத வயது. எண் 24-க்கு 'கிறிஸ்டீன் பாய்ஸ்மன்' என்றே பெயரிட்டு வெளியிட்டார்கள். எல்ம் நோயைத் தாங்கும் மரம் என்று தேர்ந்தெடுத்து ஹாலந்தில் வெளியிட்ட முதல் ரகம் அதுவே.

அது பெரும் வெற்றி பெற்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. எல்ம் நோயைத் தாங்கிய அந்த மரம், பவளப்புள்ளி நோய் என்ற வேறொரு பூசண நோய்க்கு இரையாயிற்று. உருவமும் அழகாக அமையவில்லை. தெருவில் நிற்கும் மரத்துக்குப் பிழைத்தால் மட்டும் போதாது. நிமிர்ந்து நிற்கவும் வேண்டும். இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு, 'பேயா ஷ்வார்ட்ஸ்' என்று முன்னோடியின் பெயரைத் தாங்கிய ரகம் வந்தது. அதுவும் தோட்டக்காரர்களின் மனத்தைக் கவரவில்லை. அந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். மறுபடியும் அது வரும்.

பின்னர் ஹான்ஸ் ஹேய்ப்ரூக் என்ற வன ஆராய்ச்சியாளர் பணியை ஏற்றார். இனிமேல் விதையை விதைத்துக் காத்திருப்பது மட்டுமன்று. இரு நல்ல மரங்களை மணம் செய்துவைத்துக் கலப்பினங்களை உண்டாக்கவும் வேண்டும். 1960-இல் 'கொமலின்', 1963-இல் 'குரூனவெல்ட்' என்ற ரகங்கள் வெளிவந்தன. கொமலின் நிமிர்ந்து வேகமாக வளர்ந்தது. நகராட்சிகள் விரும்பி வாங்கி நட்டன. நாற்பது ஆண்டுப் பாடு பலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பகைவன் சும்மா இருக்கவில்லை. 1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எல்ம் மரங்கள் முன் எப்போதும் இல்லாத வேகத்தில் மடியத் தொடங்கின. ஐரோப்பாவிலிருந்து கட்டைகளோடு நோய் அமெரிக்காவுக்குப் போன கதையை முன்பே சொன்னேன். இப்போது வட அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கட்டைகளோடு, இன்னும் கொடிய பூசணம் ஒன்று திரும்பி வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த கிளைவ் பிரேசியர் இது பழைய பூசணத்தின் வீரியமான வடிவம் மட்டுமன்று, தனி இனமே என்று 1991-இல் அதற்குப் புதுப் பெயர் சூட்டினார். பிரிட்டனில் மட்டும் 2 கோடிக்கு மேற்பட்ட எல்ம் மரங்கள் அழிந்தன.

அங்கே அழிவு அவ்வளவு பெரிதானதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆங்கில எல்ம் என்ற மரம் விதையால் பெருகுவது அரிது. வாழையைப் போல வேரிலிருந்து பக்கக்கன்று விட்டே பெருகும். ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதன் மரபுப்பொருளைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. நாடு முழுவதும் நிற்கும் ஆங்கில எல்ம்கள், மரபு நோக்கில் ஒரே மரம்தான்! திராட்சைக் கொடிகளைப் படரவிடுவதற்காக உரோமானியர்கள் கொண்டுவந்த ஒரு மரத்தின் வழிவந்தவை என்று அவர்கள் கருதுகிறார்கள். ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஹாலந்தில் கொமலினும் வாடியது. பழைய பூசணத்தைத் தாங்கத் தேர்ந்தெடுத்த மரம் அது. புதியதன் முன் நிற்க அதனால் முடியவில்லை.

நல்லவேளையாக, ஹேய்ப்ரூக்கின் நாற்றங்காலில் வேறொரு கூட்டமும் வளர்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னோர்களில் ஒன்று நம் இமயமலையைச் சேர்ந்தது. காஷ்மீர், இமாசலப் பிரதேசம் முதலிய பகுதிகளில் வளரும் இமாலய எல்ம் என்ற இனத்துக்கு, கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த வாலிச் என்பவரின் நினைவாக 'உல்மஸ் வாலிச்சியானா' என்று விஞ்ஞானப் பெயர். நோயைத் தாங்கும் ஆற்றல் அதற்கு மிகுதி. ஆனால் ஹாலந்தின் உறைபனியைத் தாங்கும் ஆற்றல் குறைவு. எனவே ஐரோப்பிய எல்முடன் அதைக் கலந்து, கலப்பினத்தை மேலும் பிற எல்ம்களுடன் கலந்தும், தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளச் செய்தும், பிறந்த கன்றுகளைச் சோதித்தார்கள். 1973-இல் 'லோபெல்', 'டோடன்ஸ்', 'பிளாண்டைன்' என்ற மூன்று ரகங்கள் வெளிவந்தன. முதல் இரண்டும் 16-ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர்களின் பெயர்கள். மூன்றாவது அவர்களுடைய நூல்களை அச்சிட்ட அச்சகக்காரரின் பெயர். அச்சுக்கூடத்தையும் மறக்காத நன்றியுணர்வு எனக்குப் பிடித்திருக்கிறது.

லோபெலின் தாய்வழி, தந்தைவழி முன்னோர்களைப் பார்த்தால் ஒரு பக்கம் இமாலய எல்ம். மறுபக்கம் யார் தெரியுமா? ஒதுக்கப்பட்ட அதே பேயா ஷ்வார்ட்ஸ்! தானே தெருவில் நிற்க உதவாத மரம், நிற்கக்கூடிய பிள்ளைகளைத் தந்தது. பிளாண்டைனின் விதையிலிருந்து 'கொலுமெல்லா' என்ற தூண் போன்ற வடிவமுள்ள ரகம் 1980-களின் இறுதியில் வந்தது. புதிய பூசணத்தின் முன் லோபெல் முதலிய மூன்றையும்விட உறுதியாக நின்றது அதுதான்.

அமெரிக்கர்களுக்கு இந்த வழி எளிதாக இல்லை. பெரும்பாலான எல்ம் இனங்களில் 28 நிறப்புரிகள் இருக்க, அமெரிக்க எல்மில் 56 உள்ளன; ஆகவே மற்ற இனங்களோடு அது எளிதில் கலக்காது. தம் மரத்துக்குள்ளேயே தேட வேண்டியிருந்தது. அங்கே 'பிரின்ஸ்டன்' என்ற ரகத்தின் கதை வேடிக்கையானது. நோய் அமெரிக்காவுக்கு வருவதற்கு முன்பே, 1922-இல், நியூ ஜெர்சி நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் அழகுக்காக மட்டுமே அதைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு நோயைத் தாங்கும் வலிமையும் உண்டென்பது பிறகே தெரிந்தது. அமெரிக்க அரசின் ஆராய்ச்சியாளர்கள் சோதித்துத் தேர்ந்த 'வேலி ஃபோர்ஜ்', 'நியூ ஹார்மனி' என்பவை 1990-களில் வந்தன.

இந்த ரகங்களுக்கு நோயே வராது என்று எண்ணிவிடக் கூடாது. பூசணம் இவற்றுள்ளும் புகும். ஆனால் மரம் விரைந்து சுவரெழுப்பி அதை ஓரிடத்தில் அடைத்துவிடுகிறது. ஒரு கிளை வாடும், மரம் பிழைக்கும். ஆம்ஸ்டர்டாமில் இன்றும் சுமார் 30,000 எல்ம் மரங்கள் நிற்பதற்கு இந்த ரகங்கள் மட்டும் காரணமல்ல. நோயுற்ற மரத்தை வண்டு முட்டையிடுமுன் வெட்டி அகற்றும் நகராட்சிக் காவலும் சேர்ந்ததே காரணம்.

இமாலய எல்முக்கு அந்த வலிமை எங்கிருந்து வந்தது? பிரேசியரும் இந்திய வன விஞ்ஞானி மெஹ்ரோத்ராவும் இமயமலையில் தேடிச் சென்று, அங்குள்ள எல்ம்களின் பட்டைவண்டுகளோடு வாழும் இதே குலத்துப் பூசணம் ஒன்றைக் கண்டு, 1995-இல் அதை விவரித்தார்கள். சோதனையில் ஐரோப்பிய எல்ம்களை அது கடுமையாகத் தாக்கியது. ஆனால் இமயமலையில் எல்ம்கள் அதனால் மடிந்துபோகவில்லை. மரமும் பூசணமும் நெடுங்காலமாக ஒரே காட்டில் சேர்ந்து வாழ்ந்து பழகியவை.

அந்த மரத்துக்கு அங்கே இருக்கும் தொல்லை வேறு. மாடுகளுக்குத் தழை வேண்டும் என்று கிளைகளை ஆண்டுதோறும் கழித்துவிடுகிறார்கள். கயிறு திரிக்கப் பட்டையை உரிக்கிறார்கள். கிளை கழித்த மரம் பூப்பது குறைவு, விதையும் குறைவு. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இமாலய எல்மை ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன் பேரப்பிள்ளைகள் ஐரோப்பியத் தெருக்களில் வரிசையாக நிற்கின்றன.