ஆங்கிலம் போதிப்போர்க்கு மாநாடு எதற்கு? – ஒரு வரலாற்றுப் பார்வை

பரிசளிப்பு விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று இப்பள்ளியின் மலர்க்குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்தில் ஒரு தாயார் என்னை வழிமறித்துக் கேட்ட கேள்வி இன்னும் மனத்தில் கிடக்கிறது.

"ஏன் சார், இந்த மாசத்துல மட்டும் ரெண்டு தடவை மாநாடு, கருத்தரங்குன்னு போயிட்டீங்க. நீங்க போயிட்டா எம்புள்ளைக்கு இங்கிலீசு யாரு சொல்லிக் கொடுப்பா?"

நியாயமான கேள்விதான். எங்கள் பள்ளியில் ஆங்கிலம் போதிக்க நான் ஒருவன்தான் இருக்கிறேன். நான் இல்லாத நாளில் என் பிள்ளைகள் பக்கத்து வகுப்போடு சேர்ந்து உட்கார்ந்து படம் வரைகிறார்கள். "மேலிடத்து உத்தரவும்மா" என்று அன்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தாயாருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாநாடு என்றால் நம் மக்களுக்குப் பெரிய மண்டபம், மாலை, மலர் இவைதாம் ஞாபகத்திற்கு வரும். அதில் தவறில்லை. 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நமது கோலாலம்பூரில்தான் கூடியது. ஆறாவது மாநாடும் 1987 நவம்பரில் இங்கேயே நடந்தது. முதல் மாநாட்டைக் கூட்டிய தனிநாயகம் அடிகளார், மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு வருமுன் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தவர். ஆனால் நான் சொல்ல வருவது அவ்வளவு பெரிய மாநாட்டைப் பற்றியன்று; பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதிக்கும் சாதாரண ஆசிரியர்கள் கூடும் கூட்டங்களைப் பற்றியே.

நமது தோட்டப் பள்ளிகள் பிறந்த கதையைப் பலரும் அறிவர். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கிராணியோ கங்காணியோ, எழுத்துத் தெரிந்த யாரோ ஒருவர் வாத்தியார் ஆனார். ஆங்கிலமெல்லாம் பட்டணத்துப் பள்ளிகளின் சொத்து. 1956இல் ரசாக் அறிக்கை மலாயும் ஆங்கிலமும் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடம் என்றது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகளே படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகள் ஆயின. ஆக, லயத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழுவதெல்லாம் வாத்தியார் வாயிலிருந்துதான் என்ற நிலை. அந்த வாத்தியாரும் செம்பனைக்கு நடுவே தனி ஆள். தான் செய்வது சரியா தப்பா என்று கேட்கவும் பக்கத்தில் ஆள் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1961 சனவரியில், உகாண்டாவின் மெக்கெரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் மாநாடு ஒன்று நடைபெற்றது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் போதிப்பது எப்படி என்பதே பொருள். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே போதிக்க வேண்டும், ஆங்கிலேயரே சிறந்த ஆசிரியர், சிறு வயதிலேயே தொடங்குவது நல்லது என்பன போன்ற கொள்கைகள் அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவின. 1992இல் ராபர்ட் ஃபிலிப்சன் என்ற அறிஞர் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இவை பிழையான நம்பிக்கைகள் என்று நூல் எழுதினார். ஆனால் அதற்குள் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. பல தலைமுறை ஆசிரியர்கள் அவற்றை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டார்கள்.

அடியேனும் அவர்களில் ஒருவன். பயிற்சிச் சான்றிதழோடு வேலைக்கு வந்த முதல் ஆண்டில், "ஆங்கில நேரத்தில் யாரும் தமிழ் பேசக் கூடாது" என்று சட்டம் போட்டேன். இரண்டாம் ஆண்டில் ஒரு சிறுவன், கழிவறைக்குப் போக ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல், உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது?

தமிழ்நாட்டுக் கதை ஒன்று இந்த இடத்தில் நமக்கு வேண்டும். 1950களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் மறுபயிற்சி கொடுக்க முடிவு செய்தார்கள். பிரிட்டிஷ் கவுன்சில் துணை நின்றது. 27,000 பேரை ஒரே மண்டபத்தில் உட்கார வைக்க முடியுமா? முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு, அந்தப் பலர் மற்றவர்க்கு என்று ஏற்பாடு. உருள உருளப் பெருப்பதால் இதற்குப் 'பனிப்பந்து' என்று பெயர். பனியே விழாத சென்னையில் பனிப்பந்து! பெயர் வைத்தவர் வெயிலை மறந்துவிட்டார் போலும்.

அந்த முயற்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஒரு மாநிலத்தின் கடைக்கோடி ஆசிரியர் வரை சென்று சேர வேண்டும் என்று நினைத்தார்களே, அதுவே பெரிது. வாய்மொழிப் பயிற்சி, வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகக் கற்பித்தல் இவை தென்னிந்திய வகுப்பறைகளில் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். என்றாலும் பனிப்பந்தில் ஒரு சங்கடம் உண்டு. முதல் கையில் கட்டியாக இருப்பது மூன்றாம் கைக்கு வரும்போது உருகி ஈரம் மட்டும் மிஞ்சுகிறது.

நம் நாட்டில் 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஆசிரியர்களுக்கு அவசர அவசரமாகப் பயிற்சி நடந்தது. 2009இல் அந்தக் கொள்கையையே கைவிட முடிவாயிற்று. பிறகு 2018 முதல் ஐரோப்பியத் தர அளவுகோலையொட்டிய ஆங்கிலப் பாடத்திட்டமும் வெளிநாட்டுப் பாடநூலும் தொடக்கப் பள்ளிக்கு வந்தன. அதற்கான பயிற்சிக்கு நானும் போனேன். எங்களுக்குப் போதித்தவர் தாமும் போன மாதம்தான் கற்றவர். யாராவது கேள்வி கேட்டால், "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க சார்" என்பார். பாவம், அவரைக் குறை சொல்லி என்ன பயன்? காகிதக் கட்டோடு வீடு வந்தேன். அந்தத் தாயார் இப்படிப்பட்ட நாளைச் சொல்லிக் கேட்டிருந்தால், என்னிடம் பதிலே இல்லை.

சென்னைப் பனிப்பந்துக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், அதே தென்னிந்தியாவில் வேறுவிதமான முயற்சி ஒன்று நடந்தது. என். எஸ். பிரபு என்பவர், பெங்களூர் வட்டார ஆங்கில நிலையத்தில் கூடிய ஆசிரியர்களோடு பேசி, 1979இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். இலக்கணத்தை வரிசையாகப் போதிப்பதை விட்டுவிட்டு, பிள்ளைகள் யோசித்து விடை காணும் வேலைகளைக் கொடுத்தார்கள். வரைபடத்தில் வழி கண்டுபிடி, ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த வண்டி எப்போது சேரும் என்று சொல், இப்படி. பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் 1984 வரை நடந்தது. மொத்தம் சில வகுப்புகளே. இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. வகுப்பறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். மற்ற ஆசிரியர்கள் வந்து பார்த்தார்கள், குறை சொன்னார்கள். ஆண்டுதோறும் ஆய்வுக் கருத்தரங்கு கூட்டி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று விவாதித்தார்கள். இன்று உலகெங்கும் பேசப்படும் 'பணிவழிக் கற்பித்தல்' முறைக்கு அது ஒரு முன்னோடி. பிரபு 1990இல் எழுதிய கட்டுரையில், எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை என்று எதுவும் இல்லை என வாதிட்டார். ஆசிரியர் தம் வகுப்பில் எதனால் எது நடக்கிறது என்று தாமே உணரும் உணர்வுதான் அவருக்கு முக்கியம். அந்த உணர்வு மழுங்காமல் இருக்க, சக ஆசிரியரோடு பேச வேண்டும்.

இதை நான் நூலில் படித்தது பிறகுதான். முதலில் தெரிந்துகொண்டது கிள்ளானில் ஒரு கருத்தரங்கில். அதுவும் மண்டபத்தில் அன்று, பசியாறும் இடத்தில்! எனக்கு எதிரே ஒரு மூத்த ஆசிரியை உட்கார்ந்திருந்தார். என்னவோ பேசப் போய், அந்தச் சிறுவன் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "தம்பி, எனக்கும் ஒன்னு நடந்துச்சு" என்று ஆரம்பித்தார். அவர் கதையை இங்கே எழுதுவது முறையன்று. முடித்துவிட்டு, "புள்ளைக்குப் புரியுறதுக்குத் தமிழ்ல சொல்லு, அதுக்கப்புறம் அவனை இங்கிலீசுல பேச வை. தமிழ் தெரிஞ்ச வாத்தியாரா இருக்கிறதுதான் உன் பலமே" என்றார். பக்கத்தில் இருந்த இருவர் அதை ஒப்பவில்லை. நன்றாக வாதாடினார்கள். மண்டபத்தில் அடுத்த உரை தொடங்கிய பிறகும் நாங்கள் எழவில்லை.

மறுவாரம் என் வகுப்பில் சட்டத்தை நீக்கினேன். பிரபுவின் ரயில் அட்டவணையைப் பிற்பாடு படித்தபோது, அது நம் பிள்ளைகளுக்கும் ஆகுமே என்று தோன்றியது. பத்துமலைக்கு 2010 முதல் கொமுட்டர் ரயில் வருகிறதல்லவா? அந்த அட்டவணையை எழுதி ஒட்டினேன். தைப்பூசத்துக்குக் காலை எட்டு மணிக்குள் பத்துமலை வந்து சேர, அம்மா எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்? கணக்கைத் தமிழில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். விடையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு விடை சொன்னார்கள். முன்பு நனைத்துக்கொண்ட அந்தச் சிறுவன் அப்போது ஐந்தாம் ஆண்டு. "டூ லேட் சார், அம்மா மிஸ் த ட்ரெய்ன்" என்றான். இலக்கணம் பிழைதான். திருத்தாமல் விட்டுவிட்டேன்.

என்னைக் கேள்வி கேட்ட அந்தத் தாயாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் சனிக்கிழமையில்தான், பாடம் கெடாது. அன்று என் பையில் இருக்கப்போவது, நான்காம் ஆண்டில் இரண்டு முறை எடுத்தும் பிள்ளைகளுக்குப் புரியாமல் போன ஒரு பாடம்.