குள்ளப் பேத்தை

மீன்தொட்டியில் பெருகும் நத்தைகளைத் தின்று குறைக்கும் நன்னீர் மீன், டெட்ராடோன்டிடே குடும்பம், அறிவியல் பெயர் காரினோடெட்ராடான் திராவன்கோரிகஸ். நீளம் சுமார் 3 செ.மீ. கேரள ஆறுகளே முதன்மை வாழிடம். பம்பை ஆற்று மீன்களைக் கொண்டு 1941இல் விலங்கியலாளர்கள் ஹோராவும் நாயரும் இதை விவரித்தனர். நீர்ச்செடியோடு முட்டையாக ஒட்டிவந்து பெருகும் மெல்லோட்டு நத்தையின் அருகே அசையாமல் நின்று, கண்ணை உருட்டிப் பார்த்து, ஓட்டுக்கு வெளியே நீளும் சதையைச் சட்டெனக் கடித்திழுக்கும். அலகுபோல் இணைந்த பற்கள் ஆயுள் முழுதும் வளரும். பிற மீன்களின் துடுப்பைக் கடிப்பதால் தனித்தொட்டியே ஏற்றது. வணிகத்துக்காகப் பெருமளவு பிடிக்கப்படும் இம்மீனைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தியுள்ளது. நத்தைக்காக மட்டும் இதை வாங்குவது தகாது. மிஞ்சும் தீவனத்தைக் குறைத்தாலே நத்தையும் குறையும்.