பம்பாய் டாக்கீஸ்: ஒரு கம்பனியின் முதல்

திலீப்குமாரையும் மதுபாலாவையும் அறியாத வயோதிபர்கள் எமது ஊர்களில் குறைவு. யூசுப் கான், மும்தாஜ் ஜஹான் என்ற இயற்பெயர்களைக் கொண்ட அவ்விருவரும் முதன்முதலில் கெமராவின் முன் நின்றது ஒரே கம்பனியின் படங்களில்தான். அதுவே பம்பாய் டாக்கீஸ்.

ஹிமான்சு ராயும் மனைவி தேவிகா ராணியும் 1934 இல் பம்பாயின் மலாட் பகுதியில் இதனை நிறுவினர். பங்குகளை விற்று முதல் திரட்டினர். ஜெர்மனியரான பிரான்ஸ் ஒஸ்டன் படங்களை நெறிப்படுத்தினார். பிராமண இளைஞனுக்கும் தீண்டத்தகாதவளெனப்பட்ட பெண்ணுக்கும் இடையிலான காதலைச் சொன்ன 'அச்சூத் கன்யா' (1936) பெரும்புகழ் ஈட்டியது. படச்சுருள் கழுவும் பகுதியில் உதவியாளராயிருந்த அசோக்குமார் நடிகரானதும் இங்கேதான்.

1939 இல் யுத்தம் மூண்டதும் ஒஸ்டனைப் பிரித்தானியர் தடுத்து வைத்தனர். 1940 இல் ராய் காலமானார். கம்பனிக்குள் இரு அணிகள் தோன்றின. 1943 இல் வெளியான 'கிஸ்மத்' கல்கத்தாவில் ஒரே தியேட்டரில் மூன்று வருடங்களுக்கு மேல் ஓடியது. ஆயினும் அதே ஆண்டில் சசாதர் முகர்ஜியும் அசோக்குமாரும் பிரிந்து சென்று பிலிமிஸ்தானை ஆரம்பித்தனர். 1945 இல் தேவிகா ராணியும் விலகினார். கம்பனியின் வீழ்ச்சி இங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. பெட்டியில் பணம் இருந்தது; அதை உழைத்துத் தந்தவர்கள் போய்விட்டார்கள்.

பின்னர் அசோக்குமாரே சாவக் வாச்சாவுடன் திரும்பி வந்து பொறுப்பேற்றார். அது பிரிவினைக் காலம். கமால் அம்ரோஹி, ஷாஹித் லதீப், இஸ்மத் சுக்தாய், சஆதத் ஹசன் மண்டோ ஆகியோர் அங்கு பணிபுரிந்தனர். முஸ்லிம்களை நீக்காவிட்டால் ஸ்டூடியோவைக் கொளுத்துவோம் என்று அனாமதேயக் கடிதங்கள் வந்ததை மண்டோ எழுதியுள்ளார். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகத்தினரான எமக்கு அக்கடிதங்களின் மொழி புதிதல்ல. உரிமையாளர்கள் பணியவில்லை. ஆயினும் தன்னால் அவர்களுக்குத் தீங்கு வருமோ என்ற தவிப்போடு, 1948 ஜனவரியில் மண்டோ லாஹூர் சென்றார்.

எஞ்சியோர் என்ன செய்தனர்? இஸ்மத்தின் கதையை ஷாஹித் லதீப் 'ஸித்தி' (1948) ஆக்கினார். கமால் அம்ரோஹி 'மஹல்' (1949) தந்தார். கம்பனியின் கடைசிப் பெருவெற்றிகள் அவை. 1954 இல் கம்பனி மூடப்பட்டது.

நீக்கும்படி கேட்கப்பட்டவர்களே அதற்கு மேலும் சில வருட ஆயுளைக் கொடுத்தவர்கள். இதைச் சினிமா வரலாறாக மட்டும் வாசிக்க என்னால் முடியவில்லை.