பத்தாண்டில் முடிந்த பிளவு: கேரளத்தின் அகில இந்திய முஸ்லிம் லீக்

1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) தலைமையில் உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீக், பின்னாளில் கேரளத்தில் இரண்டாக உடைந்ததை இன்றைய தலைமுறையில் பலர் அறியார்.

பிளவின் பின்னணி

1972 ஏப்ரலில் காயிதே மில்லத் வஃபாத்தானார். அவருக்குப் பின் தலைவரான செய்யித் அப்துர்ரஹ்மான் பாஃபக்கி தங்ஙள், 1973 ஜனவரியில் மக்காவில் வஃபாத்தானார். எல்லாத் தரப்பும் கட்டுப்பட்ட இரு பெரியவர்களும் ஓராண்டுக்குள் மறைந்ததால், உட்கட்சிப் பூசலைத் தீர்த்து வைக்க ஆளில்லை. அதிருப்தி அணி செய்யித் உமர் பாஃபக்கி தங்ஙள் போன்றோரின் தலைமையில் பிரிந்து, 1975 வாக்கில் 'அகில இந்திய முஸ்லிம் லீக்' என்ற தனிக்கட்சியானது.

வளர்ச்சி

தாய்க்கட்சி காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் இருந்தது. பிரிந்தவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியுடன் எதிரணியில் நின்றனர். நெருக்கடி நிலைக் காலத்தில் அவர்களின் தலைவர்கள் சிறை சென்றனர். 1977 சட்டமன்றத் தேர்தலில் தாய்க்கட்சி 13 இடங்களையும் புதிய கட்சி 3 இடங்களையும் பெற்றன. 1980இல் இது 14க்கு 5 என்றானது. அவ்வாண்டு அமைந்த ஈ.கே. நாயனார் அமைச்சரவையில் பி.எம். அபூபக்கர் இக்கட்சியின் சார்பில் அமைச்சரானார். இதுவே அதன் உச்சம். 1982இல் 4 இடங்களே கிடைத்தன.

முடிவு

1985 ஏப்ரலில் ஷா பானு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஷரீஅத் சட்டத்தில் திருத்தம் வேண்டும் என்ற நிலைப்பாட்டை மார்க்சிஸ்ட் கட்சி எடுத்தது. அந்தக் கூட்டணியில் நீடித்தபடி சமுதாயத்தின் முகத்தில் விழிக்க முடியாத நிலையில், கட்சி அதே ஆண்டு இடதுசாரி அணியை விட்டு விலகித் தாய்க்கட்சியில் இணைந்தது.

படிப்பினை

கட்சியின் வாக்கு வங்கி தாய்க்கட்சியின் வாக்கு வங்கியிலிருந்து பிரிந்ததே. ஒரே மஹல்லாவில், சில இடங்களில் ஒரே குடும்பத்தில், இரு கொடிகள் பறந்தன. அதனால் கூடுதலாகச் சமுதாயத்திற்குக் கிடைத்த உரிமை என்று எதையும் சுட்டிக்காட்ட இயலவில்லை. பாபர் மசூதி இடிப்பிற்குப் பின், காங்கிரஸ் உறவை எதிர்த்து 1994இல் இப்ராஹீம் சுலைமான் சேட் பிரிந்து இந்திய தேசிய லீக்கைத் தொடங்கியபோது இதே கேள்வி மீண்டும் எழுந்தது.

கருத்து வேறுபாடு தவறன்று. ஸஹாபாக்களிடமும் அது இருந்தது. ஆனால் பிணங்கிக் கொண்டால் வலிமை குன்றும் என அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 46ஆம் வசனம் எச்சரிக்கிறது. தமிழகத்தில் நம் அமைப்புகள் பெருகிவரும் இக்காலத்தில், மஷூரா செய்து தீர்க்க வேண்டியதைத் தேர்தல் களத்திற்குக் கொண்டு செல்லும் முன் இந்தப் பத்தாண்டு வரலாற்றை ஒருமுறை படிப்பது நல்லது.