கட்டியவர் கையெழுத்து

1910ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரை அடுத்த கார்ன்மணிக் குன்றில் ஒரு விநோதமான சோதனை நடந்தது. எஞ்சின் இல்லாத, இரண்டடுக்கு இறக்கை கொண்ட கிளைடர் ஒன்றை நான்கு போலீஸ்காரர்களும் ஒரு தோட்டக்காரப் பையனும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காற்று வந்தது. கிளைடர் ஐந்து பேரையும் சேர்த்துத் தூக்கியது. போலீஸ்காரர்கள் பயந்துபோய்க் கையை விட்டார்கள். ஜோ பிளேன் என்ற அந்தப் பையன் மட்டும் கடைசிவரை விடவில்லை.

வேடிக்கைபோலத் தோன்றினாலும் இது ஒரு கணக்கு. ஐந்து ஆட்களைத் தூக்கும் இறக்கை ஓர் எஞ்சினையும் ஓட்டுபவரையும் தூக்கும். எஞ்சினுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கணக்குப் போட்டவர் லிலியன் பிளாண்ட். அப்போது அவருக்கு வயது 31. கிளைடரை வடிவமைத்தவரும் கட்டியவரும் அவரே.

இன்று ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டினால், பறக்கும் தகுதி அதற்கு இருக்கிறதா என்று பரிசோதகர் வந்து பார்த்த பிறகே அது தரையை விட்டு எழலாம். 1910இல் அப்படி ஒரு பரிசோதகர் இல்லை. பிரிட்டனில் பயணிகளை ஏற்றும் விமானங்களுக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்ற விதியே 1919இல்தான் வந்தது. லிலியன் தன்னைத் தானே பரிசோதிக்க வேண்டியிருந்தது. அவர் அதைச் செய்த விதமும், பிறகு அந்தப் பரிசோதனை அரசு அலுவலானபோது பெண்கள் அதில் எங்கே நின்றார்கள் என்பதும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகள்.

லிலியன் பத்திரிகையாளர், புகைப்படக்காரர். குதிரையின் இருபுறமும் கால்போட்டு ஆண்களைப்போலச் சவாரி செய்தவர், புகைபிடித்தவர், ஜூஜுட்சு பயின்றவர். 1909 ஜூலையில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்த விமானத்தின் படமும் அளவுகளும் கொண்ட அஞ்சலட்டை ஒன்றைப் பாரிஸிலிருந்து மாமா அனுப்பினார். அந்த ஆண்டு அக்டோபரில் பிளாக்பூலில் நடந்த விமானக் கண்காட்சிக்குப் போன லிலியன், அங்கு நின்ற விமானங்களைச் சுற்றிவந்து அளவெடுத்துக் குறித்துக்கொண்டார். ஊர் திரும்பி முதலில் ஆறடி அகலத்தில் ஒரு மாதிரியைச் செய்து பட்டம்போலப் பறக்கவிட்டார். அது பறந்த பிறகே பெரியதைத் தொடங்கினார்.

பணிமனை, மறைந்த மாமா ஒருவருடையது. மரம் ஸ்ப்ரூஸ், ஆஷ், எல்ம், கூடவே மூங்கில். இறக்கைக்கு வெளுக்காத காடாத் துணி. ஆங்கிலத்தில் அதற்குக் காலிகோ என்று பெயர். நம் கோழிக்கோட்டுத் துறைமுகத்தின் பெயரிலிருந்து போன சொல் அது. துணியில் காற்றும் ஈரமும் புகாமலிருக்க ஜெலட்டினையும் பார்மலினையும் கலந்து பூசினார். இரண்டும் புகைப்படக்காரரின் இருட்டறையில் புழங்கும் பொருட்கள். திருப்புவதற்கு சைக்கிள் கைப்பிடி. விமானத்துக்கு அவர் வைத்த பெயர் மேஃப்ளை. அது ஒரு பூச்சியின் பெயர். பறக்கலாம், பறக்காமலும் போகலாம் என்ற கேலியும் அதற்குள் உண்டு.

குன்றின் சோதனை முடிந்த பிறகு, ஏ.வி. ரோவிடம் 100 பவுண்டு விலையில் 20 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றுக்குச் சொல்லிவைத்தார். அது வரத் தாமதமானதால் தானே இங்கிலாந்துக்குப் போய் எடுத்துவந்தார். எஞ்சின் வந்துவிட்டது, பெட்ரோல் தொட்டி வரவில்லை. காத்திருக்க மனமில்லை. ஒரு விஸ்கி புட்டியை எடுத்துக்கொண்டார். அத்தை காது கேட்பதற்காகப் பயன்படுத்திய குழலை அதனுடன் சேர்த்து, அதன்வழியே பெட்ரோலை விட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. எஞ்சின் ஓடியபோது எழுந்த அதிர்வில் நட்டுகள் கழன்றன, இறக்கைகளை இழுத்துப் பிடித்த கம்பிகள் அறுந்தன. எங்கே கழன்றது, எது அறுந்தது என்று பார்த்து, பலப்படுத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்து, மறுபடி சரிசெய்தார். பறக்கும் தகுதி என்பது இந்த வேலைதான். பறப்பதற்குச் சில நொடிகள் போதும். அதற்கு முன்பு மாதக்கணக்கில் ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

குன்று போதவில்லை. ரேண்டல்ஸ்டவுனில் ஓ'நீல் பிரபுவுக்கு இருந்த 800 ஏக்கர் மான்பூங்காவுக்கு விமானம் போனது. அங்கே ஒரு காளை சுற்றிக்கொண்டிருந்தது. அது துரத்தினால் பறந்தே ஆக வேண்டியிருக்கும் என்று லிலியன் கேலியாக எழுதினார். 1910 ஆகஸ்டின் இறுதியில் மேஃப்ளை தரையை விட்டு எழுந்தது. ஏறத்தாழ 30 அடி உயரம், கால் மைல் தூரம். தான் வடிவமைத்துத் தானே கட்டிய விமானத்தில் பறந்த முதல் பெண்களில் ஒருவர், பலர் கணிப்பில் முதல் பெண்ணே, லிலியன்தான். அதே ஆண்டில் அமெரிக்காவில் இ. லிலியன் டாட் வடிவமைத்த விமானமும் பறந்தது. ஆனால் அதை ஓட்டியவர் திதியே மாஸோன் என்ற ஆண்.

இதை மேட்டுக்குடிப் பெண்ணின் பொழுதுபோக்கு என்று சொல்லலாம். பணிமனை கொண்ட வீடு, 100 பவுண்டு, பிரபுவின் பூங்கா, கூப்பிட்டால் வரும் போலீஸ்காரர்கள் எல்லாம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உண்மைதான். ஆனால் அதே வசதி பெற்ற எத்தனையோ ஆண்களின் சோதனைகள் அறிவியல் வரலாறு என்ற தலைப்பில் எழுதப்படுகின்றன. பொழுதுபோக்கு என்ற சொல் யாருக்காக எடுத்துவைக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? லிலியன் எழுதிவைத்தார். லண்டனிலிருந்து வந்த ஃப்ளைட் இதழுக்கு, தான் செய்வதைக் கடிதங்களாகவும் கட்டுரையாகவும் அனுப்பினார். புகைப்படங்கள் எடுத்தார். எந்த மரம், என்ன துணி, எது உடைந்தது என்று விவரம் தந்தார். விற்பனைக்கும் முயன்றார்: எஞ்சின் இல்லாமல் விமானம் 250 பவுண்டு, கிளைடர் 80 பவுண்டு. எழுதாமல் இருந்திருந்தால், அத்தை வீட்டில் ஏதோ செய்துகொண்டிருந்த கிறுக்குப் பெண் என்ற ஊர்ப்பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கும்.

மேஃப்ளையின் முடிவு எளிய பேரம். பறப்பதை விட்டுவிட்டால் மோட்டார் கார் வாங்கித் தருவதாகத் தந்தை சொன்னார். லிலியன் ஒப்புக்கொண்டார். பிறகு பெல்ஃபாஸ்டில் ஃபோர்டு கார்களை விற்கும் முகவரானார். 1911இல் உறவினரான சார்லஸ் லாஃப்டஸ் பிளாண்டை மணந்து, அடுத்த ஆண்டு கனடாவின் வான்கூவர் தீவுக்குப் போனார். 1971இல் கார்ன்வாலில் இறந்தபோது வயது 92. எஞ்சின் விற்கப்பட்டது. விமானத்தின் உடல் டப்ளினில் சிறுவர்களின் கிளைடர் சங்கம் ஒன்றுக்குப் போனது.

லிலியன் வேலையை விட்ட சில ஆண்டுகளில், பறக்கும் தகுதி தனிமனிதரின் கவலையாக இருப்பது முடிந்து அரசின் வேலையாகிவிட்டது. 1913 டிசம்பரில் பிரிட்டன் வானூர்திப் பரிசோதனைத் துறையை அமைத்தது. அடுத்த ஆண்டே உலகப் போர். விமானங்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. அயர்லாந்தின் லினன் துணி இறக்கைகளாயிற்று. அதைத் தைத்தவர்கள் பெண்கள். தைத்த துணியை விறைப்பாக்க டோப் என்ற கரைசலைப் பூசியவர்களும் பெரும்பாலும் பெண்கள். சில டோப்களில் டெட்ராகுளோரோஈத்தேன் இருந்தது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது, ஈரல் கெட்டது, சிலர் இறந்தார்கள். காற்றோட்டமில்லாத கூடங்களில் அந்த வேலை தொடர்ந்து, போரின் நடுவில்தான் அந்த நச்சுப்பொருள் கைவிடப்பட்டது. இறக்கை பறக்கத் தகுதியானதா என்று பார்க்கத் துறை இருந்தது. பூசும் கூடம் மூச்சுவிடத் தகுதியானதா என்று கேட்க வெகுநாள் ஆயிற்று.

இதே போரில் பரிசோதனைத் துறையிலும் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். உதிரிப்பாகங்களை அளவுகோல் வைத்துச் சரிபார்த்தார்கள், தையலை எண்ணினார்கள், குறையுள்ளதை ஒதுக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. இலக்கண வகுப்பில் செயப்பாட்டுவினையைக் கற்பிக்கும்போது இப்படிப்பட்ட வாக்கியங்களே நினைவுக்கு வரும்: துணி தைக்கப்பட்டது, இறக்கை பூசப்பட்டது, பாகங்கள் சரிபார்க்கப்பட்டன. யாரால் என்ற சொல் விடுபட்டாலும் வாக்கியம் முழுமையாகவே ஒலிக்கிறது. பெண்களின் தொழில் வரலாறு நீண்ட காலம் இந்த வாக்கியத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த விடுபட்ட இடத்தில் பெயரை எழுதும் உரிமைக்கு 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஏமி ஜான்சன் பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் தரைப் பொறியாளர் உரிமத்தைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர். பறப்பதற்கு முன்பு எஞ்சினைப் பரிசோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்திடும் அதிகாரம் அது. லண்டன் விமானச் சங்கத்தின் கொட்டகையில் எண்ணெய்க் கறையோடு மெக்கானிக்குகளிடம் கற்று அதை வாங்கினார். 1930 மே 5 முதல் 24 வரை இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்ததற்காகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. வழியில் எஞ்சினைக் கழற்றிப் பார்த்ததும் அவரேதான். பர்மாவில் ரங்கூனை அடுத்த இன்செயினில் இறங்கும்போது இறக்கை கிழிந்தது. போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே கிடைத்தன. அவற்றைப் பிரித்து இறக்கையை ஒட்டுப்போட்டார்கள்.

அவருக்குப் பின் வந்த டோரதி ஸ்பைசர் இன்னும் மேலே போனார். பாலின் கவர் விமானம் ஓட்ட, இவர் பொறியாளராக இருக்க, இரு பெண்களும் சேர்ந்து 1930களில் பயணிகளை ஏற்றும் தொழில் நடத்தினார்கள். தரைப் பொறியாளர் உரிமத்தின் ஏ, பி, சி, டி என்ற நான்கு பிரிவுகளையும் ஸ்பைசர் ஒவ்வொன்றாகப் பெற்றார். ஓடும் எஞ்சினைச் சரிபார்ப்பதோடு நிற்காமல், பழுது நீக்கிப் புதுப்பித்த விமானத்துக்கும் எஞ்சினுக்கும் சான்றளிக்கும் தகுதி அது. ஓட்டிய பெண்ணின் பெயர் ஓரளவு நினைவிலிருக்கிறது. கையெழுத்திட்ட பெண்ணின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வீட்டில் விமானம் கட்டுவது அமெரிக்காவில் ஒரு இயக்கமானது. 1953இல் பால் போபெரெஸ்னி விஸ்கான்சினில் தொடங்கிய சங்கம் வளர்ந்தது அவர்கள் வீட்டு நிலவறையில்தான். அங்கே உறுப்பினர்களின் கடிதங்களைக் கவனித்தவர் அவர் மனைவி ஆட்ரி. இன்று அங்கே இப்படிக் கட்டுபவர்கள் பரிசோதனைக்குத் தயாராவதைப் பார்த்தால் லிலியனின் வேலைகள் அப்படியே தொடர்வது தெரியும். மூடிகளையெல்லாம் கழற்றித் திறந்துவைக்க வேண்டும். விமானத்தை எடைபோட்டு அதன் சமநிலைப் புள்ளியைக் கணக்கிட வேண்டும். கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்தால் இறக்கைப் பலகைகள் சரியான பக்கம் அசைகின்றனவா, நட்டுகள் கழலாமல் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று காட்ட வேண்டும். தீயில் அழியாத தகட்டில் கட்டியவரின் பெயர் பொறித்திருக்க வேண்டும். சான்று கிடைத்தாலும் உடனே பயணியை ஏற்ற முடியாது. பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள் சோதனையாகப் பறக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இதைக் கட்டியது யார்? வேலையின் பெரும்பகுதியை, பேச்சுவழக்கில் 51 விழுக்காட்டை, கற்பதற்காகவும் ஆர்வத்துக்காகவும் செய்யும் அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும். அதற்குச் சாட்சி, கட்டும் நாட்களில் எழுதிய குறிப்பேடும் புகைப்படங்களும். கணவனும் மனைவியும் சேர்ந்து கட்டினால் இருவர் உழைப்பும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் ஆண்டுதோறும் அந்த விமானத்தைத் தானே பரிசோதித்துக் கையெழுத்திடும் உரிமையைத் தருகிற சான்றிதழ், ஒரு விமானத்துக்கு ஒருவருக்குத்தான். முதன்மையாகக் கட்டியவர் என்று நிரூபிப்பவருக்கு. அந்தச் சான்றிதழின் பெயர் ‘ரிப்பேர்மேன்’. பெண் வாங்கினாலும் அதே பெயர்தான்.

ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து கட்டியதற்கு ஒரு கையெழுத்துத்தான் இடமென்றால், அது யாருடையதாக இருக்கும் என்று நம் வீடுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். பட்டாவில், கடையின் பெயர்ப்பலகையில், ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயரில் இதே கதை நடக்கிறது. விட்டுக்கொடுப்பது பெண்ணின் இயல்பாகவும், கணக்கு வைப்பது அற்பத்தனமாகவும் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. குறிப்பேட்டை நீட்டச் சொல்லும் பரிசோதகருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. எந்தத் தேதியில், எந்தப் பாகம், யார் கை என்று மட்டும் கேட்கிறார். ஆணின் வேலைக்கும் அவர் கேட்பது இதைத்தான்.

நீங்கள் செய்வது எதுவாக இருந்தாலும், தேதி போட்டு, உங்கள் பெயரில், எது உடைந்தது எப்படிச் சரிசெய்தீர்கள் என்பது உட்பட எழுதிவையுங்கள். உங்களோடு நின்று பிடித்தவர்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நூறாண்டு கழித்தும் கிளைடரைப் பிடித்திருந்த தோட்டக்காரப் பையனின் பெயர் ஜோ பிளேன் என்று நமக்குத் தெரிகிறது.