நுண்புதைபடிவக் காலக்கணிப்பு

படிவுப் பாறைகளின் வயதை அவற்றில் புதைந்த மகரந்தம், கடல் மிதவையுயிரிகளின் ஓடுகள் முதலியவற்றால் அறியும் முறை. ஓர் இனம் முதலில் தோன்றும் அடுக்கும் கடைசியாகக் காணப்படும் அடுக்குமே இதன் எல்லைக்கற்கள். பேருயிர்களின் எலும்பு கிடைப்பது அரிது. ஆனால் ஒரு கைப்பிடிப் பாறையில் நுண்ணெச்சங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். எண்ணெய்க் கிணறுகளில் வெளிவரும் துளைத்தூளிலும் அவை சிதையாமல் கிடைப்பது பெரும் வசதி.

மகரந்தத்தின் மேலுறை ஸ்போரோபொலெனின் என்ற மிக உறுதியான பொருளாலானது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பாறையின் சிலிக்கேட்டுகளைக் கரைத்தாலும் அவ்வுறை எஞ்சும். மூன்று பிளவுகள் கொண்ட பூக்கும் தாவர மகரந்தம் சுமார் 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. அது உள்ள அடுக்கு அதைவிட மிகப் பழையதாக இருக்க முடியாது.

மிதவையுயிரிகளுக்குச் சிறந்த சான்று இத்தாலியின் குப்பியோ. அங்குள்ள சுண்ணாம்புக்கல்லின் கீழடுக்குகளில் குளோபோட்ரங்கானா போன்ற பெரிய ஃபோராமினிஃபெராக்கள் (ஓடுடைய ஒற்றைச்செல் உயிரிகள்) நிறைந்துள்ளன. அவற்றின் மேல் படிந்த சுமார் 1 செ.மீ. களிமண் அடுக்குக்கு மேலே அவை அறவே இல்லை. மிகச் சிறிய இனங்களே உள்ளன. ஆய்வாளர்கள் லூட்டர்பாக்கரும் பிரெமோலி சில்வாவும் 1964இல் விவரித்த இந்த முறிவு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவின் எல்லை. அக்களிமண்ணில் விண்கல் மோதலின் தடயமான இரிடியம் மிகுந்திருப்பதை ஆல்வாரெஸ் குழு 1980இல் வெளியிட்டது.

இம்முறை நேரடியாகத் தருவது அடுக்குகளின் முன்பின் வரிசை மட்டுமே. ஆண்டுக்கணக்கை எரிமலைச் சாம்பலின் கதிரியக்க அளவீடு தருகிறது. பழைய பாறையிலிருந்து அரிக்கப்பட்டு வந்த மகரந்தம் புதிய படிவில் கலந்தால் வயது கூடிக் காட்டும். ஆகவே ஒரே இனத்தை நம்பாமல் முழுத் தொகுதியையும் பார்ப்பதே சரி.