ஆசீர்வாதம் (கிறித்தவம்)

ஆசீர்வாதம் என்பது கிறித்தவ நம்பிக்கையில் கடவுள் தம் நலத்தையும் உடனிருப்பையும் உயிர்களுக்கு அருள்வதைக் குறிக்கும். அவர் பெயரால் ஒருவர் மற்றவருக்கு அந்நலத்தை வேண்டிச் சொல்வதும் ஆசீர்வாதமே. தமிழ்க் கத்தோலிக்கர் இதை ஆசீர், மந்திரிப்பு என்றும் வழங்குவர். கடவுளின் ஆசி பெற்றவர் யார், வாழ்வில் செழித்தவரா, துன்பத்தில் உழல்பவரா என்ற கேள்விக்கு விவிலியத்திலேயே இரண்டு விடைகள் உண்டு. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதில்தான் இக்கருத்தின் வரலாறு பெரும்பாலும் நடந்திருக்கிறது.

ஆதியாகமத்தில் (தொடக்கநூல்) கடவுளின் முதல் ஆசி மனிதருக்குக் கிடைப்பதில்லை. மீன்களுக்கும் பறவைகளுக்கும் கிடைக்கிறது. இனம் பெருகி நீரையும் நிலத்தையும் நிறைக்கும்படி அவை வாழ்த்தப்படுகின்றன. மனிதர் அதற்குப் பிறகு, ஏழாம் நாள் அதற்கும் பிறகு. மக்கட்பேறு, மந்தை, மழை, விளைச்சல் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடியதாகவே பழைய ஏற்பாட்டின் ஆசி தொடங்குகிறது. ஆபிரகாமின் அழைப்பில் ஒரு கூடுதல் நிபந்தனை சேர்கிறது: அவருக்குக் கிடைத்தது அவரோடு நில்லாமல் பூமியின் எல்லாக் குடும்பங்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

சொன்ன ஆசியைத் திரும்பப் பெற முடியாது என்பதும் பழைய நம்பிக்கை. பார்வை மங்கிய ஈசாக்கு, ஏசா என்று நினைத்து யாக்கோபுக்கு ஆசி வழங்கிவிடுகிறார். உண்மை தெரிந்து நடுங்கிய பிறகும் அதை மாற்ற அவரால் இயலவில்லை. ஏமாற்றிப் பெற்ற யாக்கோபு பின்னாளில் யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியுமட்டும் போராடி இன்னொரு ஆசி பெறுகிறார். அப்போது தொடைச்சந்து பிசகி, நொண்டியபடியே போகிறார். ஆசியும் காயமும் ஒரே இரவில் கிடைக்கும் இந்தக் கதையை, ஆசி என்றால் செழிப்பு மட்டுமே என்று சொல்வோர் அதிகம் தொடுவதில்லை.

உபாகமம் கணக்கை நேராக்குகிறது: கட்டளையைக் கைக்கொண்டால் களஞ்சியம் நிறையும், மீறினால் சாபம். ஆசி கூற கெரிசீம் மலையில் ஆறு கோத்திரம், சாபத்துக்காக ஏபால் மலையில் ஆறு கோத்திரம் நிற்க வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. குற்றமற்ற யோபு எல்லாவற்றையும் இழக்கும்போது இந்தக் கணக்கு உதைக்கிறது. ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் உபாகமத்தின் வாய்பாட்டையே திருப்பித் திருப்பிச் சொல்லி, முடிவில் கடவுளிடமே கண்டனம் பெறுகிறார்கள்.

ஆசாரியர் கூறும் ஆசி எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் உள்ளது. எபிரேயத்தில் மூன்றே வரி. 3, 5, 7 என்று வரிக்கு வரி சொற்கள் கூடும். 1979இல் எருசலேம் பழைய நகருக்குத் தென்மேற்கே கேதெப் இன்னோம் என்னுமிடத்துக் கல்லறைக் குகையில், தொல்லியலாளர் கேப்ரியல் பார்க்காயின் அகழாய்வு இரண்டு சிறு வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தது. அவற்றில் இந்த ஆசியின் சொற்கள் கீறப்பட்டிருந்தன. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை எனப் பெரும்பாலோர் கணிக்கும் இச்சுருள்கள் சாக்கடல் ஏடுகளைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. விவிலிய வாசகம் பொறித்து இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை, தாயத்துகளான இந்தச் சுருள்களே. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1526இல் வகுத்த ஜெர்மன் ஆராதனை முறையின் முடிவிலும் இதே ஆசிதான் இடம்பெற்றது.

இயேசுவின் மலைப்பொழிவு பழைய கணக்கைக் கவிழ்த்துப்போட்டது. ஏழைகள், துயரப்படுவோர், நீதிக்காகத் துன்புறுத்தப்படுவோர் ஆகியோரே பாக்கியவான்கள், பேறுபெற்றோர். மத்தேயு ஆவியில் எளிமையுள்ளவர்களைச் சொல்ல, லூக்கா வெறும் ஏழைகளையே சொல்கிறார். நான்கு பேறுகளுக்கு எதிராக, செல்வரும் உண்டு திருப்தியானோரும் கேட்கும்படி நான்கு கேடுகளையும் அடுக்குகிறார். பவுல் இன்னும் ஒரு படி போய், சிலுவையில் சாபத்தை ஏற்ற கிறிஸ்துவின் வழியாகவே ஆபிரகாமின் ஆசி பிற இனத்தாரை வந்தடைகிறது என்று கலாத்தியருக்கு எழுதினார்.

திருச்சபை வழிபாட்டில் ஆசி பொருள்களின் மீதும் படர்ந்தது. இப்போலித்து பெயரால் வழங்கும் அப்போஸ்தல மரபு என்ற பழைய நூலில் எண்ணெய், பாலாடைக்கட்டி, ஒலிவப் பழம் ஆகியவற்றுக்கு மன்றாட்டுகள் உண்டு. இடைக்காலத்தில் உப்பு, வயல், கிணறு என்று பட்டியல் நீண்டது. 1614இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட ரோமைச் சடங்கு நூலின் பிற்காலப் பதிப்புகளில் ரயில் பாதை, தந்தி, விமானம் வரை இடம் பிடித்தன. 1984இல் வந்த புதிய நூல், பொருளைப் புனிதமாக்குவதைவிட அதற்காகக் கடவுளைப் போற்றுவதையே முன்னிறுத்தியது.

1944 ஜூலை 28 அன்று, இட்லர் மீதான கொலை முயற்சி தோற்ற எட்டாம் நாளில், ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர் சிறையிலிருந்து எழுதிய கடிதம், ஆசியையும் துன்பத்தையும் எப்படிப் பொருத்துவது என்ற சிக்கலைச் சுருக்கமாகக் கையாள்கிறது. பழைய ஏற்பாட்டு ஆசிக்குள் சிலுவையும் அடங்கியிருக்கிறது, புதிய ஏற்பாட்டுச் சிலுவைக்குள் ஆசியும் அடங்கியிருக்கிறது என்பது அவர் கருத்து. அடுத்த ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அமெரிக்காவில் அதே நூற்றாண்டில் வளர்ந்த செழிப்பு உபதேசம் நேர் எதிர்த்திசையில் போனது. இ. டபிள்யூ. கென்யன் இட்ட அடித்தளத்தில் கென்னத் ஹேகின் எழுப்பிய போதனையின்படி, விசுவாசி உரிமையோடு கேட்டுப் பெறவேண்டியவை உடல்நலமும் செல்வமும். காணிக்கையை விதையாகக் கண்டு அறுவடையை எதிர்பார்க்கச் சொன்னார் ஓரல் ராபர்ட்ஸ். இப்போதனை ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசியா எங்கும், தமிழ்நாட்டு எழுப்புதல் கூட்டங்கள் உட்படப் பரவியது. நோயும் கடனும் நெருக்கும் மக்களுக்கு உடலைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் பேசும் கடவுள் தேவைப்பட்டார். அதை ஏளனம் செய்வதற்கில்லை. ஆனால் கேட்டது கிடைக்காதபோது, குறை கேட்டவரின் விசுவாசத்தில்தான் என்று முடிவுகட்டுவது யோபுவின் நண்பர்கள் செய்ததுதான். உலகளாவிய நற்செய்திப் பணி இயக்கமான லொசான் இயக்கத்தின் ஆப்பிரிக்க இறையியல் குழு கானாவின் அக்ரோபாங்கில் 2008, 2009 ஆண்டுகளில் கூடி வெளியிட்ட அறிக்கை, கடவுள் ஆசி வழங்குகிறார் என்பதை ஏற்றுக்கொண்டே, செல்வத்தை அதன் அளவுகோலாக்கும் போதனையை மறுத்தது. செழிப்பு உபதேசிகள் ஆபிரகாமின் ஆசிக்கு ஆதாரமாகக் காட்டும் கலாத்தியர் 3:14, தன் பின்பாதியில் அந்த ஆசியைத் தூய ஆவி என்றே விளக்குகிறது. சொத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.